முதல் அங்குலம் இல்லாத இஞ்ச் டேப்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான், தையல் மிஷின் எல்லோரும் நலம். முழங்கால் நீங்கலாக நீங்களும் நலம் என்று அப்பா சொன்னார். முழங்காலும் சீக்கிரம் உங்கள் சொல்பேச்சுக் கேட்கட்டும். மற்றதெல்லாம் கேட்கிறதே.

பத்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒன்பது துணிச் சதுரங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு நீங்கள் பேசியபோது நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். "சதுரம்லாம் ரெடி. நடுவுல பட்டை வச்சு இணைச்சா போர்வை. எப்பப் பாத்தாலும் புஸ்தகத்துக்குள்ள மூஞ்சிய வச்சிருக்கிறவளுக்கு ஒரு சாயங்காலம் போதும்" என்றீர்கள். அந்த ஒரு சாயங்காலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சதுரம் பதின்மூன்று அங்குலம் இருப்பதைப் பார்த்து "அக்காவுக்கு எப்பவுமே தாராளக் கை" என்று அப்பா உருகினார். பன்னிரண்டு என்று எட்டுப் பேருக்கு உத்தரவு போட்டுவிட்டுத் தான் மட்டும் பதின்மூன்று தைப்பதற்குப் பெயர் தாராளமா என்று நான் கேட்கவில்லை. அடுத்து அண்ணியின் சதுரத்தை அளந்தீர்கள். "பதினோரு இஞ்சு! ஒரு சதுரத்த அளக்கத் தெரியல. ஆறு வருஷமா இந்த வீட்டுல என்னதான் கத்துக்கிட்டா?" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளையும் சேர்த்துக் கழுவினாள். நீங்கள் அவளுடைய சதுரத்தை நாலாக மடித்து ஓரமாக வைத்து, "இது வேணாம். நான் இன்னொண்ணு தச்சு அனுப்பறேன்" என்றீர்கள். அளந்து முடித்து நீங்கள் கீழே போட்ட எங்கள் வீட்டு இஞ்ச் டேப் அப்போது என் கையில் இருந்தது. அதன் நுனியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நான் சொன்னது இரண்டு சொற்கள்: "சரி அத்தை."

அந்தச் "சரி அத்தை"யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தையல் சங்கத்தின் கண்காட்சிக்கு, சங்கத் தலைவி என்ற முறையில், "ஒரே குடும்பம், ஒன்பது கைகள்" என்று தலைப்புக் கொடுத்து, ஒன்பது பேரின் பெயரும் எழுதிய அட்டையோடு போர்வையைச் சுவரில் மாட்டப்போகிறீர்கள். அண்ணியின் சதுரத்தை எடுத்துவிட்டால் கைகள் எட்டு. ஒன்பது சதுரத்தில் இரண்டு உங்களுடையது. "ஒரே குடும்பம், ஏழு கைகள், ஒரு தலைவி" என்று அட்டையை மாற்றி எழுதலாம் என்றுகூட யோசித்தேன். இடம் போதாது.

முதலில் பட்டை விஷயம். ஒரு சாயங்காலம் என்றீர்கள் அல்லவா? முதல் சாயங்காலம் எந்தப் பட்டை என்று முடிவு செய்வதிலேயே போனது. வெறும் பட்டை வைத்தால் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதனால் வெளிர், அடர்த்தி, வெளிர் என்று மூன்று ஒல்லித் துண்டுகளை இணைத்து ஒரு பட்டை, பட்டைகள் சந்திக்கும் நான்கு இடத்திலும் ஒன்பது குட்டிக் கட்டங்கள் சேர்ந்த ஒரு சதுரம் என்று தையல் புத்தகம் ஒன்றில் பார்த்த அலங்காரத்தை எடுத்துக்கொண்டேன். பட்டைகள் பன்னிரண்டு, ஆக ஒல்லித் துண்டுகள் முப்பத்தாறு, குட்டிக் கட்டங்களும் முப்பத்தாறு. இரண்டாம் சாயங்காலம் முப்பத்தாறு துண்டுகளையும் என் ஸ்கேலை வைத்து, ஒவ்வொன்றும் சரியாக ஓர் அங்குல அகலத்தில் வெட்டினேன். மூன்றைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தால் நடுத்துண்டு அரை அங்குலம்தான் தெரிகிறது. இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். புத்தகம் இதை முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறது. முன்னுரையைப் படிக்காமல் தாண்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். மறுபடி ஒன்றரை அங்குலத்தில் முப்பத்தாறு. தைத்தால் ஒவ்வொரு பட்டையும் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. மூன்று துண்டையும் ஒரே முனையிலிருந்து தைத்தால் அப்படித்தான் வளையுமாம், ஒன்றை இந்த முனையிலிருந்து தைத்தால் அடுத்ததை அந்த முனையிலிருந்து தைக்க வேண்டுமாம். பிரித்தேன். தைத்ததைவிடப் பிரித்ததில்தான் எனக்குக் கை பழகியது.

பிரித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்ன, படிச்ச பொண்ணு, தையல் போடறியா, தையல் பிடுங்கறியா?"

"ரெண்டும்தான் அண்ணி. இந்தக் குட்டிக் கட்டம் மூலை சேரவே மாட்டேங்குது."

"மடிப்ப எல்லாம் ஒரே பக்கம் சாய்ச்சு இஸ்திரி போட்டா எப்படிச் சேரும்? மேல்வரிசைய இந்தப் பக்கம் சாய், கீழ்வரிசைய அந்தப் பக்கம் சாய். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காரும்."

உட்கார்ந்தது, அத்தை. அளக்கத் தெரியாத கை சொன்னபடி செய்ததும் நான்கு மூலையும் ஊசி முனை அளவுகூட விலகாமல் உட்கார்ந்தது.

அப்போதுதான் டேப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் பிறந்த வீட்டு டேப். என்றைக்கோ யாரோ முதல் அங்குலத்தைக் கத்தரித்துவிட்டார்கள். அப்பா உங்களைச் சொல்கிறார். நீங்கள் அப்பாவைச் சொல்வீர்கள். அது "1" என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு வேண்டுமென்றால் பதின்மூன்றில் குறிக்க வேண்டும். இந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் இது நடை மாதிரி, யாரும் யோசிப்பதில்லை. யோசிக்காததால் யாரும் யாருக்கும் சொல்வதும் இல்லை. அண்ணிக்கும் சொல்லவில்லை. அவள் பன்னிரண்டு என்று எழுதியிருந்த இடத்தில் பன்னிரண்டு குறித்தாள். பதினொன்று வந்தது.

அண்ணி டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அதான் உங்க அண்ணன் பேண்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேல நிக்குதா?" என்றாள்.

அண்ணன் அடுத்த அறையிலிருந்து, "அது ஃபேஷன் இல்லையா?" என்றான்.

"ஆறு வருஷம்" என்றாள் அண்ணி. "தலையணை உறை எதுவுமே தலையணைக்குள்ள போகல. என் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நான் அம்மாவிடம் போய், "உனக்கு யாரும்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். "எனக்கு யாரு சொன்னா? முதல் வருஷம் ஒரு திரையக் கெடுத்தேன், உங்கத்தை சிரிச்சாங்க. அப்புறம் நானா கண்டுபிடிச்சேன்." "அப்ப அண்ணிகிட்ட நீ சொல்லியிருக்கலாமே?" அம்மா நூல்கண்டைத் தேடுவது போல் டப்பாவைக் கிளறினாள். "அவளும் கண்டுபிடிப்பான்னு இருந்துட்டேன்" என்றாள்.

சரி, உங்கள் தாராளக் கைக்கு வருவோம். உங்கள் வீட்டில் இருப்பது புது டேப். முதல் அங்குலம் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் பிறந்த வீட்டுப் பழக்கம் விடுமா? வழக்கம்போல ஒன்று கூட்டிவிட்டீர்கள். அண்ணி ஓர் அங்குலம் குறைத்ததும் நீங்கள் ஓர் அங்குலம் கூட்டியதும் ஒரே டேப்பின் வேலை. ஒன்றுக்குப் பெயர் கையாலாகாத்தனம், மற்றதற்குப் பெயர் தாராளம். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் என்ன பட்டை வைத்துத் தைப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, தேடிவிட்டேன்.

உங்கள் சதுரத்தைச் சுற்றி அரை அங்குலம் வெட்டிவிடலாம் என்று பார்த்தால், நான்கு ஓரத்திலும் இலை நுனி வருகிறது. பயப்படாதீர்கள், வெட்டவில்லை. உங்கள் ஒரு சதுரத்துக்காக மற்ற எட்டையும் பதின்மூன்றாக வளர்த்தேன். ஏழு சதுரங்களுக்கு, நான் முன்னுரை படிக்காமல் வெட்டிப் பாழாக்கிய ஒல்லித் துண்டுகளே, படத்துக்குப் போடுவது போல, நான்கு பக்கமும் சட்டம் ஆயின. அண்ணியின் சதுரத்துக்கு மட்டும் சுற்றிலும் ஓர் அங்குல அகலச் சட்டம். ஆமாம், அவளுடையதையும் சேர்த்துவிட்டேன். நீங்கள் நேற்று அனுப்பிய மாற்றுச் சதுரம் வந்து சேர்ந்தது; அதுவும் பதின்மூன்று; அலமாரியில் தூங்குகிறது. எட்டுப் பேரும் பூவும் இலையும் தைத்த இடத்தில் அவள் மட்டும் மழையில் கொடியில் மறந்துபோன ஒரு நீலச் சட்டையைத் தைத்திருக்கிறாள். கை நுனியில் ஒரு துளி சொட்ட நிற்கிறது. நாலாக மடித்து வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். அட்டையில் ஒன்பது பேரும் இருக்க வேண்டும். அந்தப் பதின்மூன்று எப்படி வந்தது என்று அன்றைக்குச் சிரித்த எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்ல வேண்டும். இனி இந்த வீட்டில் டேப்பை எடுக்கும் யாரும் அளவு தெரிந்துதான் அளக்க வேண்டும். தெரிந்தவர்கள் தவறவே வாய்ப்பில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும், ஓர் அங்குலம்கூடக் குறையாமல், கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு (பன்னிரண்டு நாள் கழித்து):

இந்தக் கடிதத்தைப் போர்வைப் பொட்டலத்துக்குள் வைப்பதாக இருந்தேன். வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கடிதத்தை முடித்த கையோடு, கோபம் குறையாமல், போர்வையின் வெளி ஓரத்துக்கு நான்கு நீளப் பட்டைகளை அந்த டேப்பாலேயே அளந்து வெட்டினேன். நான்கும் ஓர் அங்குலம் குட்டை. மேலே "தெரிந்தவர்கள்" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடவும். துணி தீர்ந்துபோயிருந்தது. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீலச் சட்டையில் மிஞ்சிய துணியில் நான்கு குட்டித் துண்டு வெட்டி, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வைத்துத் தைத்து அங்குலத்தை ஈடு கட்டினாள். அந்த நீலக் கட்டங்கள் என்ன டிசைன் என்று கண்காட்சியில் உங்களிடம் ஆறு பேர் கேட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் சட்டைச் சதுரத்தைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏங்க இவ்வளவு அகலச் சட்டம்?" என்று கேட்டதும், நீங்கள் பதில் சொன்னதும் நான் பின்னால் நின்று கேட்டேன். "எங்க மருமக தச்சது. தனியாத் தெரியணும்னு நான்தான் சொன்னேன்." அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் ஒன்பது பேர் இருந்தார்கள்; அண்ணி பெயரை நீங்களே பேனாவால் சேர்த்திருந்தீர்கள். அதனால் விண்ணப்பங்கள் மூன்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடிதத்தை மட்டும் அனுப்புகிறேன்.

பழைய டேப்பை அண்ணி குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வந்தாள். நேற்று அப்பா பால்கனிக் கதவுத் திரைக்கான துணியைப் புது டேப்பால் அளந்து, வழக்கம்போல ஓர் அங்குலம் கூட்டி வெட்டினார். அண்ணி பக்கத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. திரை தரையில் ஓர் அங்குலம் புரள்கிறது.