கடலில் போட்ட பந்தல்

பந்தல்காரனிடம் யோசனை கேட்டால் பந்தல்தான் கிடைக்கும். இதை நான் ஒப்புக்கொள்வதற்கு ஒரு கடலும் ஒரு சம்பந்தி வீடும் தேவைப்பட்டன.

தூத்துக்குடியில் எங்களுக்கு வாடகைப் பந்தல் கடை. ஷாமியானா, நாற்காலி, மணமேடை சோபா, அண்டா, குண்டா எல்லாம் உண்டு. கடைப் பலகையில் பெயருக்குக் கீழே 'எங்கள் முடிச்சு அவிழாது' என்று எழுதியிருக்கும். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

என் ஒரே தங்கை கனி, கல்லூரியில் கணக்கு டீச்சர். இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு மூன்றாவதாகச் சென்னையிலிருந்து அரவிந்த் வந்தார். இந்த முறை அவளுக்கே பிடித்துப்போயிருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை; போன் வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடுவதில் தெரிந்தது. அவருடைய அம்மாவும் அப்பாவும் வந்து பூ வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் அரவிந்தின் அப்பா போனில் தன் ஆசையைச் சொன்னார். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"யாட்ல, அதான் சொகுசுப் படகுல போய்த் தீவு தீவா சுத்தணும் தம்பி. தினமும் யூடியூப்ல அதைத்தான் பார்க்கறேன்."

"அதுக்கென்ன மாமா? நம்ம ஊர்லயே தீவு வரிசையா கெடக்கு. யாட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்" என்று சொல்லிவிட்டேன். (அதுவரை நான் கடலில் இறங்கியது முழங்கால் வரைக்கும்தான்.)

கனி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, நீ ஒண்ணும் பண்ணாம இரு. அதுவே எனக்குப் பெரிய சீர்."

கேட்டேனா?

சொகுசுப் படகு வாடகைக்கு விடும் கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டேன். கொச்சியில் ஒரு பெண் மரியாதையாக, "எத்தனை கேபின் வேணும் சார்?" என்று கேட்டாள். "ஒரு பந்திக்கு எத்தனை பேர் உக்காரலாம்?" என்று நான் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். தூத்துக்குடிக்கு எந்த யாட்டும் வராது என்று மூன்றாவது கம்பெனியில்தான் தெளிவாகச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டாரோ ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

யாட் இல்லாவிட்டால் என்ன? மாட்டுத் தொழுவத்தையே மண்டபமாக்கிக் காட்டியவன் நான். ஆள் ஏற்றும் படகு வைத்திருந்த சேவியர் அண்ணனைப் பிடித்தேன். நான்கு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு, கடைக்கு வந்திறங்கிய புது ஷாமியானாவை, ரோஸ் நிற சாட்டின் துணியை, மேலே இழுத்துக் கட்டினேன். நடுவில் மணமேடை சோபா. சுற்றிலும் பலூன்.

வேடிக்கை பார்க்க வந்த அப்பா, "ஏலே, கடலுக்கு எதுக்குலே பந்தக்காலு?" என்றார்.

சேவியர் அண்ணன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, இது ஆனி மாசம். வெயில் ஏறிட்டா மேக்க இருந்து கச்சான் காத்து எடுக்கும். பந்தல் பாய்மரமாயிரும் பாத்துக்கிடுங்க. காலையில ஏழு மணிக்குப் போயிட்டு ஒம்பதுக்கெல்லாம் திரும்பிரணும்."

"சரிண்ணே" என்றேன். ஆனால் சம்பந்தி வீட்டார் வந்திறங்கிய அன்று சனிக்கிழமை. மிச்சப் பலூனையும் ஊதி, பலகாரம் ஏற்றி முடிக்கும்போதே மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் ராகு காலத்தில் படகேற மாட்டேன் என்று அரவிந்தின் அம்மா உட்கார்ந்துவிட்டார். சேவியர் அண்ணன் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பத்தே முக்காலுக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அரவிந்தின் அம்மா சோபாவில் அமர்ந்தார். பக்கத்தில் அவர் கணவர், முகமெல்லாம் சிரிப்பு. "இதான் தம்பி யாட்!" என்று என் முதுகில் தட்டினார். எதிரே கனியும் அரவிந்தும் பலகையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தூரத்தில் தீவு பச்சைக் கோடாகத் தெரிந்தபோது தலைக்கு மேல் படார் என்று ஒரு சத்தம். ஷாமியானா உப்பிக்கொண்டு நின்றது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி ஓட்டமெடுத்தது.

"நல்ல ஸ்பீடு!" என்றார் மாமா.

சேவியர் அண்ணன் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தார். அவர் படகைத் திருப்பப் பார்த்தார். திருப்பினால் படகு ஒருபக்கம் சாய்ந்தது. சோபா வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது. லட்டுகள் உருண்டோடின. அரவிந்தின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"பந்தலைக் கழத்துங்க அண்ணாச்சி! தீவைச் சுத்திப் பாறை கெடக்கு. அங்கன போய்த் தட்டினா படகு பொளந்துரும்!"

தாவிப் போய் முடிச்சைப் பிடித்தேன். நான் போட்ட முடிச்சு. காற்று இழுக்க இழுக்க இறுகியது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பலகையில் எழுதியது பொய்யில்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. தண்ணீரின் நிறம் மாறி, அடியில் கறுப்புக் கறுப்பாகப் பாறை தெரிய ஆரம்பித்தது.

சேவியர் அண்ணனால் சுக்கானை விட முடியவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். "யாராச்சும் அறுங்க!"

இனி நான் சொல்லப்போவதை என் வீட்டில் இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை. ஐந்து உயிர்கள் என்னை நம்பி நடுக்கடலில் நிற்கின்றன. தங்கையின் வாழ்க்கை பாறையில் மோதப் போகிறது. அப்போது நான் கத்தினேன்:

"அறுக்காதீங்க! புதுத்துணி! இன்னும் ஒரு விசேஷம்கூடக் காணல!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

கனி எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். சேவியர் அண்ணன் கையிலிருந்து கத்தியை வாங்கி முதல் கயிற்றை அறுத்தாள். படகு தூக்கிப் போட்டதில் தடுமாறியவளை அரவிந்த் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க இவள் அறுக்க, இரண்டு, மூன்று, நான்கு. ஷாமியானா பலூன்களோடு மேலே கிளம்பி, தீவைப் பார்க்கப் பறந்தது. சேவியர் அண்ணன் சுக்கானை வளைத்தார். படகு முனகிக்கொண்டே திரும்பியது.

கரை வரும்வரை நான் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

காலைத் தரையில் வைத்ததும் என் போன் அடித்தது. ஷாமியானாவின் ஓரமெங்கும் கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சடித்திருப்போம், விளம்பரத்துக்கு. பேசியவர் வனத்துறைக்காரர்.

"யாருமே இறங்கக் கூடாத தீவு சார் இது. இங்க யாருக்குப் பந்தல் போட்டிருக்கீங்க?"

ஸ்பீக்கர் போட்டிருந்தது. அரவிந்தின் அம்மா காதிலும் விழுந்தது. போச்சு, மூன்றாவது வரனும் போச்சு என்று நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கனியைப் பார்க்கவே முடியவில்லை.

அரவிந்தின் அம்மா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். நேரே கனியிடம் போய், கலைந்திருந்த அவள் தலையை ஒதுக்கிவிட்டு, கூடையில் மிச்சமிருந்த மல்லிகையைச் சூட்டினார். பிறகு கரையில் காத்திருந்த என் அப்பா பக்கம் திரும்பினார்.

"இப்படி ஒரு பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். எங்களுக்கு நகை, சீர் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கண்டிஷன். பந்தலை மட்டும் உங்க பையன் போடக் கூடாது."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல், "சம்மதம்" என்றார்.

ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நான். என் தங்கை கல்யாணத்துக்கு எதிர்க்கடைக்காரன் போட்டான். அவன் முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தன. என்ன வேலை இது என்று வயிறு எரிந்தது. அரவிந்தின் அப்பா மட்டும் பக்கத்தில் நின்று, அவிழ்ந்த முடிச்சுகளைப் பார்த்து, "பிரமாதம் தம்பி, பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கனி வீட்டில் இன்றைக்கும் பிறந்தநாள் கேக்கை நான்தான் முதலில் வெட்ட வேண்டும். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு அரவிந்த் கைகட்டி நிற்பார். கனியின் மகள், அவளுக்கு நான்கு வயது, கேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துவாள்:

"அறுக்காதீங்க மாமா! புதுசு!"