திருத்தல்காரரின் ஒலிபெருக்கி

திருத்தல்காரர் என்று மனித குலத்தில் ஓர் இனம் உண்டு. பக்கத்து வீட்டில் தீப்பிடித்து, அந்த வீட்டுக்காரன் "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான் என்று வையுங்கள். நாமெல்லாம் வாளியைத் தேடுவோம். திருத்தல்காரர் அவன் தோளைத் தொட்டு, "ஒரு தடவை சொன்னா போதும் தம்பி, ரெண்டாவது நெருப்பு வீண்" என்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்க்கமாட்டார், எழுத்தைப் பார்ப்பார். சாவு ஓலை வந்தாலும் அதேதான். செத்தது யாரென்று அவருக்கு உறைப்பதற்குள் பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து இலையும் எடுத்திருப்பார்கள்.

எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. ஆனால் கொழுத்து வளர்வது காசிக்குக் கிழக்கே, பதௌலிகஞ்ச் மாதிரி ஊர்களில்தான். ரயிலடிக்கு எதிரே ஒரே சந்தில் பதினோரு ஆங்கிலப் பயிற்சிக் கூடங்கள். அவற்றில் பெரியது 'விக்டரி இங்கிலீஷ் பீடம்.' அதன் பீடாதிபதி ஹர்கோவிந்த் சதுர்வேதி. மேசைமேல் ஓர் ஆங்கில அகராதி. அதற்குத் தினமும் பொட்டு, ஊதுவத்தி. புது இலக்கணப் பாடம் தொடங்கினால் தேங்காய். புரியாத ஒன்றைக் கூட்டமாக உரக்கச் சொன்னால் புண்ணியம் வரும் என்று இரண்டாயிரம் வருடமாகப் பழகிய ஊருக்கு ஆங்கிலம் கற்பிப்பதா கடினம்? மந்திரத்தை மாற்றினால் போதாதா?

அந்த மாதத்து மந்திரம், "ரஹா தா, ரஹீ தீ, ரஹே தே." இந்தி வாக்கியத்தின் வால் இப்படி முடிந்தால், அதாவது கொண்டிருந்தான், கொண்டிருந்தாள், கொண்டிருந்தார்கள் என்று முடிந்தால், ஆங்கில வாக்கியத்துக்கு இன்ன தலையை ஒட்ட வேண்டும். உடம்பு? அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அறுபது பேர் தொண்டை கிழியச் சொல்வார்கள். கூரையில் ஓர் ஒலிபெருக்கி கடைத்தெருவைப் பார்த்து வாய் பிளந்திருக்கும். விளம்பரம்.

தினமும் ஒருவர் மைக்கின் முன் வந்து, நேற்று இந்நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சதுர்வேதி திருத்துவார். திருத்தியதை வகுப்பே மூன்று முறை முழங்கும். பிறகு அதே வாக்கியத்தை நான், நீ, அவர்கள் என்று ஆளை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் பாதுகாப்பாக மாம்பழத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு மாங்காய்கூட இல்லாத ஜனவரியிலும், நேற்று இந்நேரம் அறுபது பேரும் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் குசும்லதா உட்கார்ந்திருந்தாள். பகலில் ஜவுளிக்கடையில் புடவை மடிப்பவள். அவளுக்கு மாம்பழம் தோன்றவில்லை. அப்பா ஜோக்கன்தான் தோன்றினார்.

ஜோக்கன் நகராட்சியின் பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர். போன மாதம் அவரோடு இறங்கிய நங்கூ, வாயு தாக்கி உள்ளேயே மயங்கிவிட்டான். இடுப்பில் கட்டக் கயிறு இல்லாததால் தலைமயிரைப் பிடித்துத்தான் மேலே இழுத்தார்கள். வருகிற திங்கட்கிழமை காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் குழியில், பதினெட்டு அடி, ஜோக்கன் இறங்க வேண்டும். குசும்லதா நகராட்சிக்கு மனு கொடுத்தாள். அங்கே இருந்த குமாஸ்தாவும் இதே இனம். முதல் தடவை ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பினார். அடுத்த தடவை 'மாண்புமிகு' இல்லை என்றார். மூன்றாவது தடவை, "கையெழுத்து கோணலா இருக்கும்மா" என்றார். குழி மட்டும் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குழிக்கான காண்ட்ராக்டர் ரண்விஜய் பாபு, இதே வகுப்பில் முதல் வரிசையில், மெத்தை போட்ட தனி நாற்காலியில் இருந்தார். அறுபது வயதில் எதற்கு ஆங்கிலம்? வீட்டுக்கு டெல்லி மருமகள் வந்திருந்தாள். அவள் நாயிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். நாய் உட்காரும், எழுந்து நிற்கும், கையைக் கொடுக்கும். நாய்க்குப் புரிவது தனக்குப் புரியவில்லையே என்று மீசை துடிக்க வந்து சேர்ந்தார். சதுர்வேதி ஊரையே திருத்துவார். அவரை மட்டும் திருத்தியதில்லை. அவர் எதைச் சொன்னாலும், "ஆகா! லண்டன்ல இப்படித்தான் பேசுறாங்க!"

குசும்லதாவின் நோட்டையோ சதுர்வேதி கையால் தொடுவதே கிடையாது. மேசைமேல் வைக்கச் சொல்லி, சிவப்புப் பேனாவின் நுனியால் பக்கம் புரட்டுவார். பொட்டு வைத்த அகராதிக்குத் தீட்டுப் படக்கூடாதல்லவா!

குசும்லதா தன்னுடைய பழைய அகராதியோடு இரண்டு நாள் உட்கார்ந்தாள். காண்ட்ராக்டர், மாஸ்க், சாக்கடையைச் சொல்லும் சீவர் எல்லாம் ஊருக்கே தெரிந்த ஆங்கிலம், அவை வேண்டாம். ரண்விஜய் பாபுவின் காதில் ஒட்டாமல் வழுக்கி விழும் சொற்களாகப் பொறுக்கினாள். பிறகு அவற்றை வேண்டுமென்றே கோணலாக அடுக்கினாள். திருத்தல்காரர் கண்ணில் நேரான வாக்கியம் படாது என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை எழுந்து போனாள்.

"யாரு, குசுமா? வா. மைக்கைத் தொடாம பேசு" என்றார் சதுர்வேதி.

ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அவர் கயிறு இல்லை மனிதர் நச்சுப் பள்ளம் இறக்கு கொண்டிருந்தது."

சதுர்வேதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அடிப்பாவி! கொன்னுட்டியே! ஒரு வாக்கியம் கண்ணு முன்னால துடிதுடிச்சுச் செத்துக்கிட்டிருக்கு, அறுபது பேரும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"நீங்களே காப்பாத்துங்க சார்ஜி" என்றாள் குசும்லதா, தலையைக் குனிந்தபடி.

காப்பாற்றினார். வியர்க்க வியர்க்கப் பலகையில் எழுதினார். விட்டுப்போனதைச் சேர்த்து, முறிந்ததை ஒட்டி, அவர் வாழ்க்கையிலேயே மிக அழகான வாக்கியத்தைச் செய்து முடித்தார்: 'அவர் மனிதர்களைக் கயிறில்லாமல் நச்சுப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.' யார் அந்த அவர்? எந்தப் பள்ளம்? கேட்க அவருக்கு ஏது நேரம்? வகுப்பு மூன்று முறை முழங்கியது. எல்லோரையும்விட உரக்க முழங்கியவர் ரண்விஜய் பாபு.

குசும்லதா திட்டமிட்டது இதுவரைதான். ஒலிபெருக்கி கடைத்தெருவுக்குச் சொல்லிவிட்டது. யாராவது ஒருவருக்காவது புரியாதா? ஆனால் திருத்தல்காரரின் கருணைக்கு ஏது எல்லை!

"இப்போ 'நான்' போட்டுச் சொல்லணும். பாபு சாஹப், நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

ரண்விஜய் பாபு எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார். மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல், ஆங்கிலத்தில் அறிவித்தார்:

"நான் மனிதர்களைக் கயிறில்லாமல் நச்சுப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன்!"

"அற்புதம்! ஒரு தப்பு இல்ல! இன்னொரு தடவை, கடைத்தெருவே கேக்கட்டும்!"

கேட்டது. எதிரில் இருந்த பான் கடைக்காரர், இருபது வருடம் பம்பாய் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறியவர். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரல் அப்படியே நின்றது. அடுத்த கணம் கடையைவிட்டுக் குதித்தார்.

"அடேய், வாங்கடா! பாபு சாஹப் மைக்கைப் போட்டு ஒத்துக்கிறாருடா! கயிறு இல்லாமத்தான் ஆளை இறக்கினாராம்! ரெண்டு தடவை சொல்லிட்டாரு!"

வகுப்பு முடிந்து வெளியே வந்த ரண்விஜய் பாபுவைக் கூட்டம் சூழ்ந்தது. தன் உச்சரிப்பைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்.

"பாபு சாஹப், இப்படி ஒரு சத்தியவானை ஊரு பாத்ததில்ல!"

"திங்கக்கிழமை யாரை இறக்குறீங்க? அதையும் இங்கிலீஷ்ல சொல்லிடுங்க!"

ஒரு பையன் கைப்பேசியில் எல்லாவற்றையும் பிடித்திருந்தான். அன்று இரவு டெல்லி மருமகளும் அதைப் பார்த்தாள். மாமனார் பேசிய முதல் முழு ஆங்கில வாக்கியத்தை அவள்தான் அவருக்கு மொழிபெயர்த்தாள்.

மறுநாள் அவர் பீடத்துக்குள் பாய்ந்தார்.

"யோவ் மாஸ்டர்! என்னய்யா வாக்கியம் அது?"

சதுர்வேதி பதறிப் பலகையைப் பார்த்தார். "ஏன் பாபு சாஹப்? எங்க தப்பு? எல்லாம் அதது இடத்துல இருக்கே?"

"அர்த்தம்யா, அர்த்தம்!"

"அர்த்தம் அடுத்த மாசப் பாடம், பாபு சாஹப்."

திங்கட்கிழமை காலை ஜோக்கன் குழிக்குப் போனபோது அங்கே ஓர் எந்திர வண்டி நின்றது. 'பழுது' என்று சீட்டு ஒட்டி நகராட்சி இரண்டு வருடமாகத் தார்ப்பாயின் கீழ் மூடி வைத்திருந்த, சாக்கடை உறிஞ்சும் வண்டி. சாவியைத் திருகியதும் புறப்பட்டதாம்! ஜோக்கன் மேலேயே நின்று குழாயைப் பிடித்துக்கொண்டார். சட்டை அழுக்காகவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாதவர்போல அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார்.

குசும்லதா வழக்கம்போல மாலையில் வகுப்புக்குப் போனாள். மெத்தை நாற்காலி காலியாக இருந்தது. சதுர்வேதி அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு நல்ல வாக்கியம்! அதுல போய் ஒருத்தர் குத்தம் கண்டுபிடிக்கிறாரும்மா."

"இன்னைக்கும் ஒரு வாக்கியம் வெச்சிருக்கேன் சார்ஜி" என்றாள் குசும்லதா. "நோட்டைப் பத்தி, பேனாவைப் பத்தி. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

"வா, வா! திருத்திடுவோம்!" என்று மைக்கை நிமிர்த்தினார் அவர்.

சரி, வாசகரே. இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். நடுவில் எங்கோ ஒற்று மிகுந்ததாகவோ, சொல் உறுத்தியதாகவோ நினைத்துப் புருவத்தைத் தூக்கினீர்கள், கவனித்தேன். குற்றமில்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அந்தக் குழியின் ஆழம் எத்தனை அடி?

தெரியவில்லையா? பாதகமில்லை. பதௌலிகஞ்ச் பீடத்தில் ஒரு மெத்தை நாற்காலி காலியாக இருக்கிறது.