வராந்தாவில் இருந்தவருக்கு வாரண்டு

தென்காசிக் கோர்ட்டு தேடிய ஆட்களிலேயே, தன்னைத் தேடுவதற்குத் தானே கூடமாட உதவி செய்தவர் எண்ணெய்க்கார அண்ணாச்சி ஒருவர்தான்.

சீசனுக்கு ஐந்தருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். முகம் அவருக்கு நினைவிருக்காது, முதுகு மறக்காது. போன வருஷம் வந்தவரைச் சட்டையோடு பார்த்தால் யாரென்று கேட்பார். சட்டையைக் கழற்றிவிட்டால் ஊர், தொழில், வாய்வுத் தொந்தரவு வரை சொல்லிவிடுவார்.

1950களின் கடைசியில் அவர்மேல் ஒரு கேஸ் வந்தது. அருவித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதும், வெள்ளம் வருகிறதென்று எல்லாரையும் வெளியேறச் சொல்லியிருக்கிறார். வெளியூர் முதலாளி ஒருவர் மட்டும் அசையவில்லை. அண்ணாச்சி அவர் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். பிழைத்த முதலாளி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பத்துப் பேர் பார்க்கத் தன்னை அடித்ததாக எழுதிக்கொடுத்துவிட்டார்.

வாய்தா அன்று ஆள் ஆஜராகவில்லை என்று பிடிவாரண்டு பிறந்தது. அந்த வாரண்டோடு ஐந்தருவிக்குப் போன கான்ஸ்டபிள், சண்முகசுந்தரம் என்பது யார் என்று முதலில் விசாரித்தது அண்ணாச்சியிடம். அவரும் தொழிலை நிறுத்திவிட்டுக் கடைகடையாகக் கூட வந்து தேடினார். ஆள் கிடைக்கவில்லை. கான்ஸ்டபிளுக்கு முழங்கால் வலி என்று தெரிந்து, நன்றாக நீவிவிட்டு அனுப்பினார். 'ஆள் அகப்படவில்லை' என்ற குறிப்போடு வாரண்டு திரும்பியது.

அப்போது நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒருநாள் அண்ணாச்சி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஊர்த் தலையாரி வந்து சொன்ன தேதியில் கோர்ட்டுக்கு வந்து நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தும் தன்னை யாரும் கூப்பிடவில்லை, மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டார்.

நான் கோர்ட்டில் போய் விசாரித்து, அந்தக் கேஸில் சண்முகசுந்தரம் என்பவர் வராததால் வாரண்டு பிறந்திருக்கிறது என்று வந்து சொன்னதும் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, சண்முகசுந்தரம்ங்கது யாரு?"

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார்.

"நாந்தான்" என்றார். எங்களைவிட அவருக்குத்தான் ஆச்சரியம்.

கிராம முன்சீப்பின் ஏட்டிலிருந்து போலீஸார் எடுத்து எழுதிய பெயர் அது.

காய்ச்சலில் படுத்திருந்ததாக மனுப் போட்டால் வாரண்டு ரத்தாகும் என்றார் வக்கீல். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "காய்ச்ச வரலியே. அங்கனதான இருந்தேன்?" உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாஜிஸ்திரேட் கண்டிப்பானவர். முந்தின வாரம்தான் வாய்தாவுக்கு வராத ஒருவரை சப்ஜெயிலுக்கு அனுப்பியிருந்தார். சாரல் உச்சத்தில் இருந்த நேரம். உள்ளே போனால் அண்ணாச்சிக்கு அந்த வருஷப் பிழைப்பே போய்விடும். இருந்தும் உண்மையையே மனுவாக எழுதினேன்.

கோர்ட்டில், அன்று பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"விழுந்துச்சு எசமான். யாரோ ஒருத்தர் வரலியே, பாவம்னு நெனச்சேன்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. சொந்தப் பெயர்கூடவா தெரியாது என்று அதட்டினார்.

"தெரியும் எசமான். எங்க அம்மை கூப்பிட்ட பேரு. அவ போயி நாப்பது வருசமாச்சு. பொறவு யாரும் கூப்பிடல."

சிரிப்பு நின்றுவிட்டது. மாஜிஸ்திரேட் பெயர் கூப்பிடும் டவாலியைப் பார்த்தார். வாய்தா அன்று முழுக்க அண்ணாச்சி வராந்தாவில்தான் இருந்தார், வராத ஆளுக்காகத் தன்னிடமே வருத்தப்பட்டார் என்று டவாலி சொன்னார். மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்துகொண்டு வாரண்டை ரத்து செய்து எழுதினார். முதலாளி வாய்தாக்களுக்கு வராமலே போனதால் கேஸும் பிற்பாடு தள்ளுபடியானது.

வாரண்டு ரத்தான அன்று அண்ணாச்சியைக் குற்றாலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, என் கையிலிருந்த மனு நகலைத் தொட்டார்.

"தம்பி, அந்தப் பேரை ஒருக்கா வாசியுங்க."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வரும்வரை வாசித்துக்கொண்டே இருந்தேன்.