அறுபத்தொன்றாம் பக்கத்தின் பின்புறம்

சேதுராமன் ஒரு திருடன்.

இது இன்று எழுதிய வாக்கியம் இல்லை. எம்.காம். இரண்டாம் வருடத்தில் நான் எழுதியது. என் பெயரோடு, கொட்டை எழுத்தில் அச்சாகி வந்தது. என் ஆய்வேட்டின் அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினால் இன்றும் பின்னால் அது இருக்கும். துறை நூலகத்தில் கரையான் விட்டு வைத்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம். (விட்டுத்தான் வைத்திருக்கும். நான் எழுதிய லட்சணத்துக்குக் கரையான்கூடத் தொடாது.)

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அதற்குக் காரணம் என் அய்யா. சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்குக் குண்டு மிளகாய் விவசாயம். கமிஷன் மண்டியில் மூட்டையை இறக்கியதும் வியாபாரிகள் வந்து மூட்டைக்கு ஒரு கை அள்ளுவார்கள். கேட்டால் "சாம்பிள்" என்பார்கள். மோந்து பார்ப்பார்கள், உடைத்து விதையைப் பார்ப்பார்கள். அள்ளியது மூட்டைக்குத் திரும்பி வராது, அவர்கள் பைக்குப் போகும். ஒரு மூட்டைகூட வாங்காதவன் சாயங்காலம் ஒரு பை மிளகாயோடு வீட்டுக்குப் போவான். அய்யா மட்டும் அள்ளுகிறவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மோந்து பாத்தாச்சுல்ல? போடு உள்ள."

இந்த வளர்ப்போடுதான் பல்கலைக்கழக மையத்தின் கணினி ஆய்வகத்துக்குள் போனேன்.

அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. பருவத்துக்கு இத்தனை பக்கம் என்று அதில் ஏற்றி விடுவார்கள். தீர்ந்தால் அலுவலகத்தில் பணம் கட்டி, ஒரு கூப்பன் எண் வாங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கணினியில் இருந்து அனுப்பினாலும் தாள் வந்து விழுவது மூலையில் இருந்த அந்த ஒரு பிரிண்டரில்தான். அதன் பக்கத்து மேசையில் ஆய்வக உதவியாளர் சேதுராமன் உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வயது இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். (அதிர்ந்து பேசாதவர்களை நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். அப்போதும், இப்போதும்.)

ஒரு பக்கம் எடுத்தால் என் கணக்கில் இரண்டு குறைந்தது. மூன்று எடுத்தால் நான்கு. இரண்டு வாரம் நோட்டில் குறித்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாக ஒன்று கூடுதல். பிறகு பிரிண்டர் பக்கத்திலேயே நின்று கவனித்தேன். முதலில் ஒரு தாள் வந்தது. அதில் என் பெயர், கோப்பின் பெயர், நேரம் மட்டும் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் என் பக்கங்கள் வந்தன. சேதுராமன் அந்த முதல் தாளை எடுத்துத் தன் மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டுவிட்டு மீதியை நீட்டினார்.

எனக்கு மண்டி கண்முன் வந்துவிட்டது.

"அண்ணே, என் தாளக் குடுங்க."

"குடுத்துட்டேனேம்மா."

"மேல ஒன்னு வந்துச்சுல்ல, எம் பேரு போட்டு."

"அது கவர் ஷீட்டும்மா. ஒனக்கு எதுக்கு?"

"ஒங்களுக்கு எதுக்கு?"

"அது சிஸ்டத்துக்கு. ஒருத்தர் தாளு இன்னொருத்தர் தாளோட கலந்துரக் கூடாதுல்ல."

"சிஸ்டம் ஒங்க டிராயருக்குள்ளயா இருக்கு?"

அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். பதில் சொல்லாமல் சிரிப்பது குற்றவாளியின் லட்சணம் என்று முடிவு கட்டினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் துறைத்தலைவர் அம்மாவுக்கு ஒரு புகார்க் கடிதம் தட்டச்சு செய்தேன். கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி. 'புகார்' என்று வைத்திருக்கலாம், 'கடிதம்' என்று வைத்திருக்கலாம். என் ஆத்திரத்துக்கு அதெல்லாம் போதவில்லை. 'சேதுராமன் ஒரு திருடன்' என்று வைத்தேன். வைத்ததோடு நிற்காமல் அச்சிட அனுப்பினேன். எந்தப் பிரிண்டருக்கு? அங்கே இருந்ததே ஒன்றுதான். அது யார் மேசைக்குப் பக்கத்தில்? அதையும் யோசித்திருக்கலாம்.

கவர் ஷீட் வந்தது.

பெயர்: முத்துமாரி.
கோப்பு: சேதுராமன் ஒரு திருடன்.

அவர் படித்தார். நிதானமாகப் படித்தார். வழக்கம் போல அந்தத் தாளை இழுப்பறையில் போட்டார். கடிதத்தைக் கவிழ்த்துப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. ஒரு பக்கந்தான்."

நான் கடிதத்தைக் கொடுக்கவில்லை. பேருந்து நிலையத்துக் குப்பைத் தொட்டியில் எட்டாகக் கிழித்துப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஏப்ரலில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மறுநாள் வாய்மொழித் தேர்வு. தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான். மதுரையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். ஜூனில் சான்றிதழோடு வந்து நின்றால் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. எங்கள் வீட்டில் சம்பளம் என்று ஒன்றை வாங்கப் போகிற முதல் ஆள் நான்தான். அய்யா இந்தச் செய்தியை மண்டி முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். அதனால் தோற்றுவிட்டு ஊருக்குப் போகவும் வழியில்லை.

வகுப்பில் எட்டுப் பேர், எட்டு ஆய்வேடுகள். அனுப்பினால் எட்டு கவர் ஷீட், அதாவது எட்டு சாம்பிள். இதற்கும் அய்யாவிடம் ஒரு வழி இருந்தது. சில்லறை மூட்டைகளைப் பிரித்து ஒரே பெரிய மூட்டையாகக் கட்டிவிடுவார். கை ஒரு தடவைதான் விழும்.

"எட்டு பேரு ஃபைலையும் ஒரே ஃபைலா ஒட்டி என் கணக்குல இருந்து அனுப்புறேன். கூப்பனெல்லாம் என் கணக்குல ஏத்துங்க. ஒரே கவர் ஷீட்டோட முடிஞ்சுரும்" என்றேன்.

பாம்பன்காரி ஜெனிட்டா என் தோழி. என்னை விடச் சூட்டிகை.

"எத்தன தாளு புள்ள மிச்சமாகும்?"

"ஏழு."

"ஏழு தாளுக்கா இம்புட்டுப் பாடு?"

"இன்னைக்கு ஏழு. விட்டா நாளைக்கு எழுநூறு. பழக்கிவிடக் கூடாது."

என் பேச்சில் என்ன மாயமோ, ஏழு பேரும் பென்டிரைவை நீட்டினார்கள். ஒட்டினேன். நானூற்றுத் தொண்ணூறு பக்கம், ஒரு கவர் ஷீட். கணக்குத் துல்லியம். அனுப்பி முடித்தால் இருப்பு பூஜ்யம். ஒரு பக்கம்கூட அவருக்கு மிச்சம் வைக்கவில்லை என்ற பெருமையோடு பொத்தானை அழுத்தினேன்.

பிரிண்டர் முக்கால் மணி நேரம் ஓடியது. சேதுராமன் அந்த ஒரே கவர் ஷீட்டை எடுத்துக்கொண்டு கட்டை என்னிடம் கொடுத்தார்.

"எட்டு பேரோடதும் ஒன்னாவா போட்ட?"

"ஆமா. ஏன், நட்டமா?"

"இல்லம்மா. ரெண்டு பக்கமும் அடிக்கிற மிசினாச்சே, அதான் கேட்டேன்."

அப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் அச்சடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒருவரின் ஆய்வேடு முடிந்ததும் அடுத்தவர் ஆய்வேடு அதே தாளின் முதுகில் தொடங்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கு மொத்தம் அறுபத்தொரு பக்கம். அறுபத்தொன்றாம் பக்கத்தில் என் நூற்பட்டியல். அதன் பின்புறத்தில் ரகுபதியின் 'உப்பளத் தொழிலாளர் ஊதிய நிலை', முதல் பக்கம். ஜெனிட்டாவின் 'பாம்பன் கருவாட்டு வணிகம்' வேறொருத்தியின் நூற்பட்டியல் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. இப்படி நான்கு இடங்களில் இரண்டிரண்டு பேர் ஒட்டிப் பிறந்திருந்தோம். தனித்தனியாக அனுப்பியிருந்தால் ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு கவர் ஷீட் வந்து பிரித்துவிட்டிருக்கும். அது எதற்கு என்று எனக்குப் புரிந்த நிமிடம் அதுதான்.

மணி மூன்று இருபது.

எட்டே பக்கம் மறுபடி எடுத்தால் போதும். கணக்கில் பூஜ்யம். கூப்பன் கொடுக்கும் அலுவலகம் மூன்று மணிக்கு மூடிவிடும். ஜெராக்ஸ் எடுத்தால் துறையில் வாங்க மாட்டார்கள். ரகுபதி என்னைப் பார்த்த பார்வையில் உப்பளமே வறண்டிருக்கும்.

"ஏ புள்ள, எங்கப்பா கடல்ல கெடந்து கட்டுன பீசு இது. கருவாட்ட ஒருத்தி முதுகுல ஒட்டி வச்சிருக்கியே, ஒனக்கு நல்லா இருக்கா?" என்று ஜெனிட்டா அழ ஆரம்பித்தாள்.

சேதுராமன் எழுந்தார்.

"என் கணக்குல போட்டுருவோம். ஸ்டாஃப் கணக்குக்குக் கவர் ஷீட்டும் வராது. ஆனா தாளு இல்ல. ஒங்க எட்டு பேரோடத அடிச்சதுலயே கடைசிக் கட்டும் தீந்துருச்சு. ஸ்டோர் சாவி வச்சிருக்கவரு வெளிய போயிருக்காரு."

அப்புறம் குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கவர் ஷீட்டுகள், இருநூறாவது இருக்கும். எல்லாம் நேராக அடுக்கி, ஓரம் தட்டி வைத்திருந்தார். முன்னால் எழுத்து, பின்னால் வெறுமை. அதில் எட்டுத் தாளை எடுத்து, வெறும் பக்கத்தில் அச்சு விழும்படி பிரிண்டரில் வைத்தார். எட்டுப் பக்கமும் வந்தது. துளை போட்டு, நாடா கோத்து, அட்டையில் கட்டிக்கொண்டு ஓடினோம். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கொடுத்தோம். யாரும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திருப்பிப் பார்த்தவர் வெளியூரில் இருந்து வந்த தேர்வாளர்.

என் ஆய்வேடு மண்டி வியாபாரிகள் மிளகாய் விவசாயிகளை ஏமாற்றும் விதம் பற்றியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டியவர் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார். வாய்விட்டுப் படித்தார்.

"'பெயர்: முத்துமாரி. கோப்பு: சேதுராமன் ஒரு திருடன்.' என்னம்மா இது? பிற்சேர்க்கையா?"

எட்டிப் பார்த்தேன். ஜனவரியில் வந்த அதே கவர் ஷீட்.

"யாரு இந்த சேதுராமன்?"

மதுரை வேலை, அய்யா, மண்டி எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"வியாபாரி சார்."

"கள ஆய்வுல பாத்த ஆளா?"

"ஆமா சார்."

"என்ன திருடுனாரு?"

"மூட்டைக்கு ஒரு கை சார்."

"நேர்ல பாத்தியா?"

"பக்கத்துல நின்னு பாத்தேன் சார்."

"பேரையே போட்டு எழுதியிருக்கியே, தைரியந்தான்" என்று அவர் துறைத்தலைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, என் அட்டவணைகளைக் காட்டிக்கொண்டிருந்த திரையில் படம் அணைந்தது. அம்மா எட்டிக் கூப்பிட்டார்.

"சேதுராமன், இங்க கொஞ்சம் வாங்க. வயர் போயிருச்சு போல."

வந்தார். தேர்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் சேதுராமனா?"

"ஆமாங்க சார்."

"மண்டி வச்சிருக்கீங்களா?"

சேதுராமன் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க சார். அது வேற சேதுராமன். நம்ம பக்கம் அந்தப் பேரு நெறைய."

வயரைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

தேர்ச்சி பெற்றேன். ஆனால் துறைத்தலைவர் அம்மாவுக்கு அங்கே ஒரே சேதுராமனைத்தான் தெரியும். "நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் முன்னால சேதுராமன்கிட்ட நீ மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சான்றிதழ்ல கையெழுத்து" என்றார்.

அய்யா வந்தார், கையில் ஒரு பை மிளகாயோடு. ஆய்வகத்தில் சேதுராமனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அய்யா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"தம்பி, அந்த டிராயரத் தெறங்க."

சேதுராமன் திறந்தார். அய்யா கவர் ஷீட்டுகளை எடுத்துப் புரட்டினார். அடியில் அதே தாள்களில் தைத்த நோட்டுகள் கிடந்தன.

"இது என்னத்துக்கு?"

"சாயங்காலம் எங்க ஊருல பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கேன்யா. பின்பக்கம் கணக்குப் போட்டுப் பழகுறதுக்கு."

அய்யா மிளகாய்ப் பையை நீட்டினார். சேதுராமன் ஒரே ஒரு மிளகாயை எடுத்து மோந்து பார்த்தார். "நல்ல சரக்குங்கய்யா" என்றார். அந்த ஒரு மிளகாயைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

அய்யாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் மண்டியில் காத்திருந்த காட்சியைப் பார்த்த முகம் அது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"உச்சிப்புளிங்கய்யா."

"கல்யாணம் ஆயிருச்சா?"

என் சான்றிதழில் கையெழுத்து விழுந்த அடுத்த தை மாதம் என் அக்காவுக்கும் சேதுராமனுக்கும் கல்யாணம். அண்ணே என்று கூப்பிட்ட வாயால் அத்தான் என்று கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. கல்யாண மண்டப வாசலில் ஜெனிட்டா ஒரு பிளக்ஸ் வைத்தாள். மாப்பிள்ளை படத்துக்குக் கீழே, 'கோப்பு: சேதுராமன் ஒரு திருடன்.' அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வடை ஒன்று குறைந்தாலும், ரிமோட் காணாமல் போனாலும், அக்காவின் பிள்ளைகள்கூட இந்த வாக்கியத்தைத்தான் சொல்கின்றன. அவரும் சேர்ந்து சிரிக்கிறார். பதில் மட்டும் சொல்வதில்லை.

மதுரையில் அதே தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதனால் என் கணக்கைச் சொல்கிறேன். அந்த எட்டுத் தாளில் மற்ற ஏழின் பின்புறத்தையும் பிறகு நூலகத்தில் போய்ப் பார்த்தேன். 'அத்தியாயம் இரண்டு', 'வினாநிரல்', 'அட்டவணை' என்று எல்லாம் ஏப்ரல் மாதத் தாள்கள், மேலாக இருந்தவை. என் தாள் ஜனவரியில் விழுந்தது. இருநூறு தாளுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும். அது மேலே ஏறி வந்து, எட்டுப் பக்கத்தில் சரியாக என் பக்கத்துக்கு முதுகாக எப்படிப் போனது?

அத்தான், அடுத்த மாதம் உங்கள் இளைய மகளுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் வரும். துறைத்தலைவர் அம்மாவுக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. மைக் செட்டுக்குச் சொல்லியிருப்பது நான். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் தானாக வந்ததா, நீங்கள் தேடி எடுத்தீர்களா?