வாய் கெட்ட ரேடியோ

"அண்ணா, அந்தப் பொட்டிய நீ மூடுறியா, இல்ல நான் வந்து ஒடைக்கட்டுமா?"

பஞ்சாயத்துக் கட்டடத்து வாசலில் சாந்தம்மா நின்றாள். கையில் களி கிண்டுகிற துடுப்பு. அதன் நுனியில் இன்னும் களி ஒட்டிக்கொண்டிருந்தது.

கங்கப்பன் பதறி எழுந்தான். அவனுக்குப் பின்னால் சர்க்கார் கொடுத்த ரேடியோ, விவசாயிகளுக்கான நிகழ்ச்சியை முழங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஊரிலுள்ள வாண்டுகள் அத்தனையும் மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. முதல் வரிசையில் சாந்தம்மாவின் ஐந்து வயது மகள் முனிலட்சுமி.

"என்னாம்மா ஆச்சு?"

"இன்னும் என்னா ஆவணும்? களி ஆறிக் கல்லாப் போச்சு. கூப்பிட்டா காதுல ஏற மாட்டேங்குது. சின்னப் புள்ளைங்க எந்நேரமும் இதையே பாத்துக்கினு கெடந்தா கண்ணு என்னாத்துக்கு ஆவும்? ஊருப் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசிட்டோம். இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி சாவிய வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிடுவோம்."

சாவி என்றதும் கங்கப்பன் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எல்லைப் பக்கம் சானமாவுக் காட்டை ஒட்டிய அந்த ஊருக்கு ரேடியோ வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய ரேடியோ. திறப்பது, மூடுவது, பாட்டரியைக் காப்பது எல்லாம் கங்கப்பன் பொறுப்பு. அவன் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பெங்களூர் மில்லுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். பொழுது சாய்ந்தால் மாட்டோடு பேசிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்தச் சாவி வந்த பிறகுதான் மனுஷ முகம் பார்க்கக் கிடைத்தது. அந்த நன்றியை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. பெட்டியைத் திறக்கும் முன் தினமும் ஒரு கும்பிடு போடுவான். மெட்ராஸில் இருக்கிற எந்த மகராசனோ தனக்காகவே அதை அனுப்பிவைத்தான் என்பது அவன் எண்ணம்.

சும்மா உட்கார்ந்திருக்கிற வேலையும் இல்லை அது. ரேடியோ பேசுவதோ பட்டணத்துத் தமிழ். ஊரில் பாதி வீட்டில் தெலுங்கு, மீதியில் பெரும்பாலும் கன்னடம். சாந்தம்மா வீடு மாதிரி நாலைந்து வீட்டைத் தவிர மற்றவர்களுக்குத் தமிழெல்லாம் சந்தைக்குப் போனால்தான். அதனால் ரேடியோ மழை வரும் என்று சொன்னால், கங்கப்பன் இந்தப் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் "மளெ பருத்தந்தெ" என்பான், அந்தப் பக்கம் திரும்பித் தெலுங்கில் "வான வஸ்துந்தட்ட" என்பான். அப்புறம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொள்வான். எலிக்கு மருந்து வைப்பது எப்படி என்று ரேடியோ சொன்ன அன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள்தான் யானை இறங்கி அவன் ராகியை மிதித்துவிட்டுப் போயிருந்தது. யானை எப்படி வந்தது, எப்படித் திரும்பியது என்று எழுந்து நின்றே விளக்கிவிட்டான்.

பெரியவர்கள் நாலு பேர் வருவார்கள். பீடி தீர்ந்ததும் போய்விடுவார்கள். கடைசி வரை இருப்பது வாண்டுகள்தான்.

விஷயம் பஞ்சாயத்துத் தலைவர் ராஜப்பனிடம் போயிற்று.

"சின்னப் பசங்களுக்கு அரை மணி நேரம் போதும். அதுக்கு மேல கேட்டா புத்தி மழுங்கிடும்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

"அரை மணி ஆச்சுன்னு எப்பிடிங்க தெரியும்?"

"கடியாரத்தப் பாரு."

"ஊருல ஏதுங்க கடியாரம்? நேரம் தெரியணும்னா நாம ரேடியோவத்தான கேக்குறோம்?"

ராஜப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ ரேடியோவையே கேளு" என்றார்.

ரேடியோ நேரம் சொன்னதோ நிகழ்ச்சியெல்லாம் முடிந்து செய்தி ஆரம்பிக்கும்போது. அது வரைக்கும் பிள்ளைகள் சட்டப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளே சாந்தம்மா துடுப்போடு வந்தாள். "கண்ணு போவுதுன்னு சொன்னேன், காதுல வாங்கினியா? ரேடியோவுல எரியுற அந்த வெளக்கையே மொறைச்சுக்கினு இருக்குதுங்க!"

கங்கப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. "எல்லாரும் திரும்பி ஒக்காருங்கடா! பொட்டிக்கு முதுகு காட்டணும். காதால கேளுங்க, கண்ணால பாக்கக் கூடாது."

எவனாவது திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று அவனே வாசல் பக்கம் போய், பிள்ளைகளுக்கு எதிரே நின்று காவல் காத்தான். அங்கே நின்றபடியே மொழிபெயர்ப்பும் நடந்தது. ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று அவனுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. ஆனால் மறுநாள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்து முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டன.

"கட்டுப்படுத்தச் சொன்னா கூட்டம் சேக்குறியா?" என்றாள் சாந்தம்மா.

அடுத்தபடியாக ரேடியோவுக்கு முன்னால் மஞ்சள் வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினான். பார்த்தால்தானே ஆசை வரும்? ஆனால் திரைக்குப் பின்னால் சிறிய வெளிச்சம், உள்ளேயிருந்து நாதஸ்வரம். மகனைக் கூட்டிப் போக வந்த நாராயணம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் தேங்காயோடு வந்தாள். அதற்கடுத்த நாள் நாலு பெண்கள் கற்பூரம் கொளுத்தினார்கள். வேட்டியில் தீப்பிடித்து, கங்கப்பன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றி, பாட்டரியை நனைத்து, பெரும்பாடாகிவிட்டது. பிள்ளைகளோ இடத்தை விட்டு அசையாமல் கைதட்டிச் சிரித்தார்கள்.

பாட்டரியைத் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய இடி விழுந்தது. சாந்தம்மா இந்தத் தடவை துடுப்பு இல்லாமல், மகளின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இவுங்க அப்பன் நாளைக்கு மழை வரும், ராகிய உள்ள எடுத்து வைன்னான். இது என்னா சொல்லிச்சு தெரியுமா? 'ஒனக்கு என்னாடா தெரியும், போடா புண்ணாக்கு'ன்னுது! பெத்த அப்பனப் பாத்து! எங்கடி கத்துக்கினன்னு கேட்டா, ரேடியோவுலன்னுது."

முனிலட்சுமி காதைத் தேய்த்துக்கொண்டு கங்கப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாராயணம்மா பையன் தெலுங்குல திட்டுறான். எல்லப்பன் பையன் கன்னடத்துல திட்டுறான். சொல்லிட்டேண்ணா, அந்த ரேடியோ வாயக் கழுவு. இல்லாட்டி சாவிய வை."

கங்கப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் கூடவே இருந்து கேட்கிறான். ரேடியோ ஒரு கெட்ட வார்த்தை பேசி அவன் கேட்டதே இல்லை. தான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற நேரமாகப் பார்த்துத் திட்டுகிறதோ? இத்தனை நாள் கும்பிட்ட சாமானைச் சந்தேகப்படுவது அவனுக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் சாவி போனால் மறுபடியும் இருட்டு வீடும் மாடும்தான். அதை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பாட்டரி மாற்ற சேலத்திலிருந்து வண்டியில் வந்த கோவிந்தனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், ரேடியோ கொஞ்சம் வாய் கெட்டுப் போச்சுங்க. புள்ளைங்களத் திட்டுது."

"திட்டுதா? எந்த பாஷையில?"

"மூணு பாஷையிலயும்."

கோவிந்தன் ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். "மெட்ராஸ் ஸ்டேஷன் எங்கயாவது தெலுங்குல திட்டுமாய்யா? உள்ள ஏதோ கோளாறு. தண்ணி வேற எறங்கியிருக்கு. கொண்டுபோய்த்தான் பாக்கணும்."

"எப்போ வருங்க சார்?"

"வரும்போது வரும்."

வண்டி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊர்ப் பெண்கள் நிம்மதியாகக் களி கிண்டினார்கள். சாவியை யாரும் கேட்கவில்லை. காலிப் பெட்டியின் சாவி யாருக்கு வேண்டும்?

இரண்டு நாள் கங்கப்பன் வீட்டிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் கால் தானாகப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு நடந்தது. பெட்டியைத் திறந்தான். பழக்கத்தில் கும்பிடும் போட்டான். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் நீ எனக்கு இத்தனை நாள் நல்லதுதான் செய்தாய் என்று அந்தக் காலி இடத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினான். வாண்டுகள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. முதல் வரிசையில் முனிலட்சுமி, மடியில் களிக் கிண்ணம். தூரத்தில் சாந்தம்மா கையை வீசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போவது தெரிந்தது.

"அம்மா இங்கயே துன்னச் சொல்லிச்சு" என்றாள் முனிலட்சுமி. "ரெண்டு நாளா நாங்க வூட்டுல இருந்ததுல அதுக்குத் தலைவலி வந்துடுச்சாம்."

கங்கப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் விஷயத்தைச் சொல்வது? காலிப் பெட்டியை நன்றாகத் திறந்து காட்டினான்.

"கண்ணுங்களா, ரேடியோ இல்லடா. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எப்போ வருமோ தெரியாது. எழுந்து வூட்டுக்குப் போங்க."

ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. முனிலட்சுமி களியில் ஒரு வாய் பிட்டுப் போட்டு விழுங்கிவிட்டு, வசதியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அது போனதே நல்லது மாமா, அது போடுற சத்தத்துல நீ பேசுறது எங்களுக்குச் சரியாவே கேக்கல, இப்போ அந்தப் 'போடா புண்ணாக்கு'லருந்து மறுபடியும் ஆரம்பி!"