போகாத அப்பல்சாமியின் வெண்ட்

"கோ, வெண்ட், கான்!" என்று அப்பல்சாமி கரும்புக்கு நடுவில் நின்று உரக்கச் சொன்னதுதான் தப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் ராஜன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"எந்த ஊரு அண்ணே? சிட்னியா?"

"எந்த ஊரும் இல்லடா."

"போனவங்க எல்லாரும் இதையேதான் சொன்னாங்க."

ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து ஃபிஜித் தீவின் லம்பாசாவில் இங்கிலீஷ் படிக்கிறவன் என்றால் விசாவுக்கு நிற்கிறவன் என்றுதான் அர்த்தம். அவன் வெளியில் மூச்சு விடமாட்டான், கண் பட்டுவிடுமாம். ஒரு நாள் காலையில் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கும்.

அப்பல்சாமி படித்ததோ இங்கேயே இருப்பதற்கு. குத்தகை இந்த வருஷம் முடிகிறது. நிலம் தீவின் பூர்வகுடியான செருவின் குலத்துடையது. அவர்கள் தலையாட்டினால்தான் புதுக் குத்தகை. குத்தகை ஆபீஸ் கூட்டம் இங்கிலீஷில் நடக்கும். மொழிபெயர்க்கிறவனை எவன் நம்புவது? பாதியை முழுங்கிவிட்டு மீதியை அவன் இஷ்டத்துக்குத் துப்புவான்.

எட்டாவது படித்த மனைவி ப்ரேமிலாதான் வாத்தியார்.

"கோவுக்கும் வெண்ட்டுக்கும் என்னடி உறவு? ஒரே குடும்பம்னா முகஜாடை வேணாமா?"

"வெள்ளைக்காரனைக் கேளுங்க. ஐ ஹேவ்... சொல்லுங்க."

"கான். இவனையும் நான் நம்பல."

மறுநாளே ஒருத்தன் மாடுகளை விலை பேச வந்தான். அப்பல்சாமி விரட்டியடித்தார். போகவில்லை என்று காட்ட வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்.

"விக்கிற வீட்டுக்குத்தானே பெயிண்ட்!" என்றான் ராஜன்.

புதுசாக ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டினார்.

"நம்ம கண்ணுல மண்ணைத் தூவுறாரு. ஆழமான ஆளு."

கடுப்பில் படிப்பையே நிறுத்தினார்.

"விசா வந்தாச்சு!" என்றது ஊர்.

சாயங்காலமே பெண்கள் ஊறுகாய் ஜாடிகளோடு வந்து ப்ரேமிலாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"போகலன்னு சொன்னியாடி?"

"சொன்னேன். இன்னும் சத்தமா அழுதாங்க. மாங்கா ஊறுகாய் நல்லா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை செருவே வந்துவிட்டார். சலவைச் சட்டை, பக்கத்தில் மனைவி மேரே, கையில் ஒரு கட்டு நங்கோனா வேர். யாராவது ஊரைவிட்டுப் போனால் அதை இடித்துக் கரைத்துக் குடித்துத்தான் பிரிவு சொல்வார்கள். அப்பல்சாமி வேரைப் பார்த்ததும் முடிவுகட்டினார். குத்தகை போச்சு!

செரு வாயைத் திறக்குமுன் இவர் எழுந்து நின்றார்.

"மிஸ்டர் செரு! எவ்ரிபடி வெண்ட். ஐ டிட் நாட் கோ. ஐ ஹேவ் நாட் கான். ஐ ஆம் ஹியர்!"

வேலியோரம் ராஜனின் மண்வெட்டி கீழே விழுந்தது. ப்ரேமிலா தப்பு ஏதாவது அகப்படுமா என்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

செரு பாயில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். ஊரே பேசுகிற இந்தியில் சொன்னார்: "அப்பாடா! நாளைக்கே ஆபீஸுக்குப் போறோம். முப்பது வருஷத்துக்குக் கையெழுத்து. நீ போயிட்டா நிலத்தை யாரு பார்ப்பாங்கன்னு எங்களுக்குத் தூக்கமே இல்ல."

அப்பல்சாமி ராஜன் பக்கம் திரும்பி மீசையை முறுக்கினார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"அப்போ எனக்கு விடைகொடுக்க இந்த நங்கோனா எதுக்கு?"

மேரே சிரித்தாள்.

"உங்களுக்கு இல்ல அண்ணே. அடுத்த வாரம் ஆக்லண்டுக்குப் போறது நாங்க."