அணுக்கரி பாயும் ஆறுமூலைக் கட்டியும்

அணு உலைக்குள் போடும் எரிபொருள் உருண்டையாக இருக்க வேண்டுமா, ஆறுமூலைக் கட்டியாக இருக்க வேண்டுமா என்று தூக்கம் கெட்ட மனிதர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான். திண்டுக்கல்லில் அணு உலையே கிடையாது என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

பேகம்பூரில் என் தையல் கடைக்கு எதிரே அவருடைய அடுப்புக்கரிக் கடை. செல்போனில் ஏதோ வீடியோ பார்த்த நாளிலிருந்து கரி பாய், அணுக்கரி பாய் ஆகிவிட்டார்.

"ரொம்பச் சூடான உலைக்கு எரிபொருள் ரெண்டு தினுசு அப்பு. ஒண்ணு, டென்னிஸ் பந்து கணக்கா உருண்டை. உள்ள கசகசா கணக்கா யுரேனியம், சுத்தி பென்சில் கரி. நம்ம சரக்குதான்! மேல போட்டுக்கிட்டே, கீழ எடுத்துக்கிட்டே இருக்கலாம். உலைய நிப்பாட்டவே வேணாம். இன்னொண்ணு, ஓட்டை போட்ட ஆறுமூலைக் கட்டி. வச்ச இடத்துல கிடக்கும், ஓட்டை வழியா காத்து நேராப் போகும். ஆனா மாத்தணும்னா உலைய நிப்பாட்டணும். நம்ம ஓட்டு உருண்டைக்கு!"

"மாமு, எனக்கு ரெண்டு கிலோ கரி போதும்" என்று வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். எனக்கு யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச வராது. தலையாட்டுவேன். 'விஞ்ஞான மூளை' என்று தெரு முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைத்தார்.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அவரிடம்தான் கரி சொல்லியிருந்தேன். கரித்தூளைக் கஞ்சியில் பிசைந்து இரண்டு வடிவத்திலும் செய்து கொண்டுவந்து இறக்கினார். இரண்டு தேக்சா பிரியாணி. ஒன்றுக்கு உருண்டை, மற்றதுக்கு ஆறுமூலை.

"இன்னைக்குத் தீர்ப்பு தெரிஞ்சுரும்ல?"

பிரியாணி கெட்டால் பிள்ளை போகிற வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு. அப்போதும் தலையாட்டினேன்.

அடுப்பில் உருண்டை அருமையாக எரிந்தது. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகுதான் தம் போடும் நேரம் வந்தது. மூடிக்கு மேலே கங்கு வைக்க வேண்டும். மூடியோ நடுவில் மேடு. ஆறுமூலை அசையாமல் உட்கார்ந்தது. உருண்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி நடக்க ஆரம்பித்தன.

சமையல் பண்டாரி அலறினார்: "யோவ் பாய்! உம்ம யுரேனியம் சம்பந்தி செருப்புக்கிட்ட போயிருச்சு!"

"ஆறுமூலை மிச்சம் இருக்கா மாமு?" என்றேன்.

"எண்ணித்தான் செஞ்சேன் அப்பு, மிச்சம் இல்ல. நீ பயப்படாத."

இடுக்கியை எடுத்தார். தம் முடிகிறவரை தேக்சாவைச் சுற்றிச் சுற்றி வந்து, விழுந்த கங்குகளையெல்லாம் எடுத்து எடுத்து மூடிமேல் வைத்தார். புது வெள்ளைச் சட்டை, பொறி பட்டு ஆறுமூலைக் கட்டி மாதிரியே ஓட்டை ஓட்டையானது. திறந்தபோது இரண்டு தேக்சாவிலும் சீரகச் சம்பா பொலபொலவென்று இருந்தது. சம்பந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

"உருண்டை தோத்துருச்சா பாய்?" என்றார் பண்டாரி.

"மூடிதான்யா தோத்துச்சு. அணு உலையில மூடிமேலயா கங்கு வைக்கிறாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அப்பு. எது?"

"ஆறுமூலைதான் மாமு" என்றேன்.

நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்படிச் சொல்றே? சொல்லு, சொல்லு."

அந்த வாதம் இன்னும் முடியவில்லை. தினமும் நாலு மணிக்கு டீ வருகிறது. அவர் ரோட்டைத் தாண்டி வந்து உட்காரும்வரை என் டீயை நான் தொடுவதில்லை.